ஆவணியில் விழுந்த கொம்பு

எங்கள் வீட்டு மானுக்குக் கொம்பு விழுந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்கவில்லை. காலையில் வாசல் தெளிக்கச் சாணி எடுக்கப் போன என் மாமியார், ஆட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து போட்ட கூச்சலில் நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆடுகளுக்கு நடுவே மான் நின்றிருந்தது. தலையில் ஒரு பக்கம்தான் கொம்பு. இன்னொரு பக்கம் சிவப்பாக, ஈரமாக ஒரு வட்டம். விழுந்த கொம்பு புழுக்கைக்கு நடுவில் கிடந்தது.

மாமியார் கொம்பைப் பார்த்தார், மானைப் பார்த்தார், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இவ கால வச்ச நேரம், கொம்பு கயண்டுக்கிச்சி" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழுகை வந்திருந்தால் நல்ல மருமகள் என்று பெயராவது கிடைத்திருக்கும். நான் அந்த வகை இல்லை. என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் பிறந்தது தென்னேரிப் பக்கம். அங்கே ஏரி உண்டு, நெல் உண்டு, ஏரிக்கு வரும் பறவைகள் உண்டு, மான் கிடையாது. என்னைக் கொடுத்த ஊர் உத்திரமேரூரைத் தாண்டி, கரடும் முள்காடும் தொடங்குகிற இடம். அந்தக் காட்டில் புள்ளிமான் திரிந்தது. வேர்க்கடலை போட்டால் ராத்திரி வந்து மேய்ந்துவிட்டுப் போகும். விதைத்தவர்கள் அதைத் திட்டுவார்கள், ஆனால் கண்ணெதிரே பார்த்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்கள். மானை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். அது எங்கள் ஊர் வரைக்கும் நடந்து வரவில்லை.

எங்கள் மானைக் கொண்டுவந்தவர் மாமியார்தான். ஆடு மேய்க்கப் போனவர், காட்டோரம் புல்லுக்குள் ஒரு குட்டி சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கிட்டே போனாலும் அது எழவில்லை, கத்தவில்லை, காதைக்கூட அசைக்கவில்லை. ஆட்டுக்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வெள்ளாடு மேய்ச்சலில் குட்டி போட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் முன்னால் நடந்தால் போதும், தாய் கத்திக்கொண்டே பின்னால் வரும். குட்டியை விட்டு ஒரு ஆடு தள்ளி நிற்காது. ஆகவே தனியாகக் கிடக்கிற குட்டி என்றால் அதற்குத் தாய் இல்லை. மாமியாரும் அவசரப்பட்டுவிடவில்லை, நிழல் சாய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தாய் வரவில்லை. "நாய் துன்னுட்டு இருக்கும்" என்று முடிவுகட்டி, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு வந்து, அப்போதுதான் ஈன்றிருந்த ஆட்டின் மடியில் விட்டார். அந்த ஆடு முதலில் உதைத்ததாம். மாமியார் அதன் முகத்தைத் தன் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, நாள்கணக்கில் பால் குடிக்க வைத்திருக்கிறார்.

அப்படி வளர்ந்த பிள்ளை. அதைக் கூப்பிடுவதும் "வா நைனா, துன்னு நைனா" என்றுதான். வீட்டில் என் வீட்டுக்காரர் தன் அப்பாவைக் கூப்பிடுவதும் நைனா. தொட்டியில் கழுநீர் ஊற்றிக்கொண்டு மாமியார் "நைனா" என்று குரல் கொடுத்தால் சில சமயம் மாமனாரும் திரும்பிப் பார்ப்பார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன்.

கொம்பு விழுந்ததற்கு மாமியார் அப்படிப் பதறியதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. ஆட்டுக்குக் கொம்பு ஒடிந்தால் ஒடிந்ததுதான், மறுபடி வராது. கொம்பொடிந்த கிடாவை எங்கள் பக்கம் அம்மனுக்கு விடமாட்டார்கள்; அது பின்னமான உயிர். அவர் மனசில் மானும் கொஞ்சம் உயரமான ஆடுதான். மஞ்சளை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து அந்தச் சிவப்பு வட்டத்தில் அப்பி, பழைய சேலைத் துணியால் கட்டுப்போட்டார். பல்வலிக்காரர் மாதிரி கட்டோடு அது என்னைப் பார்த்துக்கொண்டே என் கனகாம்பரச் செடியைத் தின்றது. மறுநாள் இன்னொரு கொம்பும் விழுந்தது. மாமியார் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. இரண்டு கொம்பையும் கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி முடிந்து, பரணில் வைத்தார்.

அந்த முடிச்சு என் தலைக்கு மேலேயே இருந்தது. பால் திரிந்தால் அவர் கண் பரணுக்குப் போகும். மழை பொய்த்தால் பரணுக்குப் போகும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் மட்டும், "ராசி கீதுன்னு பாத்துத்தான் எடுத்தோம்" என்று ஆரம்பித்து, பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வார். மீதியை வந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். நான் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "வுடு, அது அப்டித்தான் பேசும்" என்றார். அவருக்கு அம்மாவும் வேண்டும், நானும் வேண்டும், சாப்பாடு சூடாகவும் வேண்டும்.

சில வாரங்களில் மஞ்சள் பூசிய இடம் புடைத்துக்கொண்டு வந்தது. மாமியார் அதைக் கட்டி என்று நினைத்து, தொட்டால் வலிக்குமென்று யாரையும் கிட்டே விடவில்லை. ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லாதபோது நான் போய்த் தொட்டேன். அது வலியில் துள்ளவில்லை. மெத்தென்று, பிறந்த குழந்தையின் உச்சந்தலை மாதிரி, மேலே பூனைமுடி. உள்ளே சூடு. விரலை வைத்தபடி நின்றால் ரத்தம் ஓடுவது தெரிந்தது. மான் என் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது. அதுவரை அந்த வீட்டில் யாரும் என் கையை நம்பித் தலை சாய்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இது புண் இல்லை, முளைக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சொன்னேன். யார் கேட்டார்கள்? அந்தக் கட்டி நீண்டு, கிளைத்து, பொங்கல் கழிந்த பின் ஒருநாள் தோலை முருங்கை மரத்தில் உரசி உரித்துக்கொண்டு, போனதைவிடப் பெரிய கொம்பாக நின்றபோது மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். வேண்டிக்கொண்டிருந்தாராம். கொம்பு விழுந்தது என்னால், முளைத்தது அம்மனால்.

அடுத்த ஆவணியில் நான் பிரசவத்துக்குத் தென்னேரியில் இருந்தேன். நான் அங்கே இல்லை, என் காற்றுகூட அந்தப் பக்கம் வீசவில்லை. மானுக்குக் கொம்பு விழுந்தது. குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி வூட்ட வுட்டுப் போனதும் வுளுந்துடுச்சின்னு அம்மா சொல்லிக்கினு கீது." நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? வந்தாலும் நான்தான், போனாலும் நான்தான்.

அதற்கப்புறம் மழைக்காலம் நெருங்கினாலே கொம்பு விழுவதும், குளிர் போவதற்குள் முளைப்பதும் எங்கள் வீட்டில் பழகிப்போயிற்று. யாரும் பதறவில்லை. ஆனால் என்னைப் பற்றிச் சொன்னதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவுமில்லை. அந்த முதல் முடிச்சு பரணிலேயே இருந்தது. என்றைக்காவது ஒருநாள் மாமியார் வாயாலேயே "உன் மேல தப்பு இல்ல" என்று சொல்ல வைக்க வேண்டும் என்பது எனக்குள் ஒரு வெறியாகவே இருந்தது.

ஒரு கோடையில் மான் போய்விட்டது. கொம்பு முற்றி, கழுத்து தடித்து, வைகாசி வெயிலில் காட்டைப் பார்த்து அடித்தொண்டையில் கத்த ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் குட்டையாகச் சுருங்கியபோது காட்டு மான்கள் அங்கே குடிக்க வந்தன. அவற்றோடு நடந்து போனது, திரும்பவில்லை. மாமியார் கழுநீர்க் குண்டானோடு வரப்பில் நின்று "நைனா, நைனா" என்று பல நாள் கூப்பிட்டார். இதற்கும் என்னைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கும் அது இல்லாத கொட்டகையைப் பார்க்க முடியவில்லை. இலந்தைப்பழ வாசனையோடு அது என் தோளில் மூச்சு விட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு பஞ்சாயத்துக்கு டி.வி. வந்தது. கறுப்பு வெள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு ஊரே சாக்கும் பாயும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய் இடம் பிடிக்கும். படத்துக்கு முன்னால் என்ன ஓடினாலும் பார்ப்போம், வயல், உரம் பற்றிய நிகழ்ச்சியைக்கூட. அன்றைக்கு ஏதோ வெளிநாட்டுப் படம் போட்டார்கள். இங்கிலீஷில் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். யாருக்கும் புரியவில்லை, புரியவும் வேண்டியிருக்கவில்லை. பனி கொட்டிக் கிடக்கிற மலையில் மான்கள். எங்கள் மானைப்போல் இரண்டு மடங்கு உடம்பு, தலையில் காய்ந்த மரக்கிளை மாதிரி கொம்பு. பல வருஷம் கழித்து உத்திரமேரூர் நூலகத்தில் ஒரு படப்புத்தகத்தில் அதைப் பார்த்தேன், சிவப்பு மான் என்று போட்டிருந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது சாம்பல் மான்தான்.

மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் மடியில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். டி.வி.யில் ஒரு கிழட்டு ஆண் மான் தலையை உதறியது. கொம்பு கழன்று பனியில் விழுந்தது. மான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது. காட்சி மாறியது. அதே இடத்தில் புடைப்பு, பூனைமுடி, நான் கைவைத்துப் பார்த்த அதே மெத்து.

எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அங்கே எந்த மருமக வந்தாளாம் அத்தே என்று கேட்க வேண்டும், ஊரே கேட்கும்படி கேட்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் அங்கே ஒரு பெட்டை மான் குட்டி போட்டிருந்தது. குட்டியை நக்கிக் கொடுத்தது, புதருக்குள் படுக்க வைத்தது, பிறகு தானே விலகி எங்கோ மேயப் போய்விட்டது. குட்டி சுருண்டு கிடந்தது. எழவில்லை, கத்தவில்லை. உடம்பெல்லாம் புள்ளி. பக்கத்தில் நரி ஒன்று நடந்து போனது. அதற்கு வாடைகூடத் தெரியவில்லை. நரி போய், வெகுநேரம் கழித்து, தாய் வந்தது. குட்டி எழுந்து பாலுக்கு முட்டியது.

மாமியாரின் கை என் முழங்கையைப் பிடித்தது. "ஏம்மே" என்றார். "இதும் புள்ளி வச்சிக்கினு கீதே."

"ஆமா அத்தே."

"அப்ப அன்னிக்கி… அதோட தாயி வந்து தேடியிருக்குமா? நான் குந்திக்கினு இருந்ததாலதான் அது வர்லியா?"

டி.வி. வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது. ஆட்டின் முகத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நாள்கணக்கில் பால் கொடுக்க வைத்தவர். உயிரைக் காப்பாற்றியதாகவே இத்தனை வருஷம் நினைத்திருந்தவர். வந்திருக்கும், தேடியிருக்கும், இருட்டும் வரைக்கும் அந்தப் புல்லையே சுற்றியிருக்கும். எனக்குத் தெரிந்தது. நானும் இரண்டு பெற்றவள்.

"இல்ல அத்தே" என்றேன். "இது குளிர்தேசத்து மானு. வேற ஜாதி. நம்மூரு மானு இப்டி இல்ல."

சொல்லி முடித்தபோதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. இது வேறு ஜாதி என்றால், பனியில் விழுந்த அந்தக் கொம்பும் வேறுதான். எனக்குச் சாட்சி சொல்ல அத்தனை தூரத்திலிருந்து வந்த மானை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.

படம் ஆரம்பித்தது. மாமியார் எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை விட்டுவிட்டு அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன். வீட்டுக்குள் வந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்த முடிச்சை எடுத்தார். மஞ்சள் துணி நிறம் போயிருந்தது. முடிச்சு இறுகி அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"கொம்பு அங்கியும் வுளுதே, பாத்த இல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"பாத்துட்டா வேற மானுன்னு சொன்ன?"

நான் குழந்தையைத் தூளியில் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவர் கொம்புகளை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, அந்தத் துணியை எடுத்துக்கொண்டுபோய் தணல் கிடந்த அடுப்பில் போட்டார்.