பிரிவுபசார நாளில் வந்த வெள்ளம்

ஐம்பதுகளின் கடைசி. ஜாலான் புசார் சாலைப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்ன உயர்நிலைப் பள்ளியில் அன்று எங்கள் கடைசி வகுப்புக்குப் பிரிவுபசார விழா. காலையிலிருந்து விடாத மழை. கேசரி சாப்பிட்டு, ஒரு தோழி பாடி முடிப்பதற்குள் வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேருங்கள் என்று தலைமையாசிரியர் எங்களை அனுப்பிவிட்டார்.

தெரு எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் கடைச் சுவரைத் தடவியபடி நடந்தேன். திடீரென்று காலடியில் தரை இல்லை. பெரிய சாக்கடைக்குள் விழுந்துவிட்டேன். வாயெல்லாம் சேறு. கத்த முடியவில்லை. செத்தோம் என்றே நினைத்தேன்.

யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். என் வகுப்பு காதர். ஆண்பிள்ளைகளோடு நாங்கள் பேசும் வழக்கமில்லை. அவன் குரலைக்கூட நான் சரியாகக் கேட்டதில்லை.

"கையக் குடு. என்னைப் பாரு, கையக் குடு," என்றான்.

விளக்குக் கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையால் என்னை மேலே இழுத்துவிட்டான். கடை வாசல் மேடையில் இருவரும் நடுங்கியபடி உட்கார்ந்தோம்.

"நல்லா நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. நானும் போயிருவேன்னு பயந்துக்கிட்டேதான் இழுத்தேன்."

அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

துணிச்சல்காரர்களுக்குப் பயமே வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு காதரை நான் பார்க்கவேயில்லை. சில வருடங்களில் ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஊசியை நடுங்கும் கையோடுதான் போட்டேன்.