வாசற்படிக்கு எட்டாத கயிறு

கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்துப் பிடித்து, நாயின் மூக்கு எதுவரை வருகிறது என்று பார்க்கிறார் இப்றாஹிம். கடையின் வாசற்படிக்கு ஒரு முழம் இப்பால் அது நின்றுவிடுகிறது. அவருக்குத் திருப்தியில்லை. முடிச்சை அவிழ்த்து, மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டி, மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். அதன் பிறகுதான் பிளாஸ்டிக் கதிரையை வீதியோரக் கழிவுநீர்க் கான் மூடியின் மேல் போட்டு உட்கார்ந்து, உள்ளே எட்டிச் சோற்றுக்குச் சொல்கிறார்.

அக்கரைப்பற்றில், கல்முனை வீதியில் இருக்கும் அப்துல் ஹமீட் ஹாஜியாரின் சாப்பாட்டுக் கடையில் வியாழக்கிழமை பகலில் இதைக் காணலாம். இப்றாஹிம் அறுபதைக் கடந்தவர்; கடையில் எல்லோருக்கும் 'காக்கா', அதாவது அண்ணன். சாகாமம் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களில் இரவுக் காவல் இருக்கிறார். விதைப்பு முதல் அறுவடை வரை வயல் வாடி என்கிற குடிசையிலேதான் சமையலும் உறக்கமும். சாமான் வாங்க வாரம் ஒருமுறை டவுனுக்கு வருகிறார். பின்னால் கட்டிய பழைய மீன்பெட்டியில் நாயும் வருகிறது. அதன் பெயர் செம்பன். இடது காதில் பாதி இல்லை. யானையை விரட்டியபோது போனது என்று கடையில் சொல்வார்கள். முட்கம்பியில் கிழிந்தது என்று இப்றாஹிமே என்னிடம் சொன்னார், அதுதான் சரி.

பயிருக்குக் காவலாக நாய் வைத்திருக்க மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்க்க வேண்டும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால் இப்றாஹிம் தன்னுடைய பீங்கான் தட்டைத் தானே கொண்டு வருகிறார். வண்டியின் கைபிடியில் ஒரு பையும் தொங்கும். அதற்குள் இருப்பது காய்ந்த வயல்மண். தட்டில் நாய் வாய் வைத்துவிட்டால் கழுவுவதற்கு. அதை ஏன் இவ்வளவு தூரம் சுமக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"டவுனில மண் எங்க கிடக்கு? எல்லாம் கொங்கிறீட்டுத்தானே," என்றார்.

இதற்கு முன் வைத்திருந்த நாயை வாடியில் விட்டுவிட்டுத்தான் டவுனுக்கு வந்துபோனார். தண்ணீர் மோட்டாரைத் திருட வந்தவர்கள் அதற்கு இறைச்சியில் நஞ்சு வைத்தார்கள். அந்தக் கதையை அவர் நீட்டுவதில்லை. "தனிய விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு இறங்குதில்ல" என்பதோடு முடித்துக்கொள்வார்.

வீதியில் உள்ள மற்றக் கடைகள் எல்லாம் நாயைக் கண்டு அவரை மறுத்துவிட்டன. மிஞ்சியது ஹாஜியாரின் கடை. வாரம் முழுவதும் தனியே ஆக்கித் தின்கிற மனிதருக்கு, நாலு பேருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு உண்ணும் சோறு இது ஒன்றுதான். அதுவும் வாசலுக்கு வெளியே. உள்ளே பகடிக்குக் குறைவில்லை. முன் மேசையில் நிரந்தரமாக இருக்கும் ஹார்ட்வெயார் கடை ஸாஜித் ஒருநாள் கேட்டார்:

"என்ன காக்கா, உங்கட கூட்டாளிக்கும் ஒரு சோறு போடச் சொல்லவா?"

"அவன் வியாழக்கிழமை சுன்னத்து நோம்பு. நீங்கதான் தின்றீங்க," என்றார் இப்றாஹிம். விரும்பியவர்கள் வியாழக்கிழமைகளில் பிடிக்கும் நோன்பு அது. கடை முழுவதும் சிரித்தது. ஸாஜித் சிரிக்கவில்லை. நாய் வாசலில் கிடந்தால் தானும் தன் ஆட்களும் வேறு கடை பார்ப்பதாக ஹாஜியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஹாஜியார் வெளியே வந்து, கதிரையின் பக்கத்தில் நின்றபடி சொன்னார்: "காக்கா, நீங்க வாறது எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா அதுர வாய் என்ட ஒரு சாமானில பட்டாலும் அதோட சரி. பிறகு என்னோட கோவிக்கப்படாது."

"ஓம்," என்றார் இப்றாஹிம். கயிற்றுக்கு அந்த இன்னொரு சுற்று அன்றிலிருந்து வந்ததுதான்.

போன வியாழக்கிழமை கடையின் பின்பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கழுவுகிற ஆள், தட்டுகள் கிடந்த பெரிய பேசினை முன்பக்கத்துக் குழாயடிக்குத் தூக்கி வந்து, அலசி, வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். இப்றாஹிம் வழக்கம்போலக் கயிற்றை அளந்துதான் கட்டியிருந்தார். ஆனால் அளந்தது வாசற்படிக்கு. குழாயடி பக்கவாட்டில் இருந்தது. அந்தப் பக்கம் அவர் ஒருநாளும் அளந்ததில்லை.

நல்ல வெயில். செம்பன் எழுந்து போய்ப் பேசினில் நாக்கை விட்டுத் தண்ணீர் குடித்தது.

உள்ளே எல்லோரும் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யன்னலோரம் இருந்ததால் நான் கண்டேன். இப்றாஹிமும் கண்டார், நான் கண்டது அவருக்குத் தெரியாது. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. மற்றக் கையால் கயிற்றைப் பிடித்து நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.  கழுவுகிற ஆள் திரும்பி வந்து, மேலே கிடந்த தட்டுகளை அள்ளித் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஹாஜியார் அதில் ஒன்றை எடுத்துச் சோற்றுச் சட்டிக்குள் கரண்டியை விட்டார். ஸாஜித்துக்கு வேண்டிய சோறு அது.

இப்றாஹிம் எழுந்து வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"ஹாஜியார், அதுல போடாதீங்க. நாய் வாய வச்சிட்டு."

ஹாஜியாரின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது.

"எந்தப் பீங்கான் எண்டு தெரியா. தண்ணியிலதான் நாக்க வச்ச. எல்லாத்தையும் தாங்க."

"நான் சொன்னனா இல்லியா?" என்று ஸாஜித் எழுந்தார். பின் மேசையில் இருவர் பாதிச் சோற்றோடு கைகழுவப் போனார்கள். ஹாஜியார் இப்றாஹிமைத் திட்டவில்லை, அவரைப் பார்க்கவுமில்லை. எடுத்த தட்டுகளையெல்லாம் பேசினோடு சேர்த்து அவர் முன்னால் வைக்கச் சொன்னார்.

இப்றாஹிம் பையை அவிழ்த்தார். குந்தியிருந்து, ஒவ்வொரு தட்டையும் முதலில் மண்ணும் தண்ணீரும் சேர்த்து முன்னும் பின்னும் தேய்த்தார். பிறகு நல்ல தண்ணீரில் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஆறு தரம் அலசினார். கடைசியில் பேசினுக்கும் அப்படியே. ஹாஜியார் இடுப்பில் கை வைத்தபடி நின்று பார்த்தார். ஒரு தட்டுக்குக்கூட எண்ணிக்கை குறையவில்லை. இதற்கிடையில் அவருடைய சொந்தச் சோற்றில் ஈ மொய்த்துவிட்டது.

முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேளாமல் வண்டியடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தார். கயிறு பாதிக்கு மேல் கையில் சுற்றியாயிற்று. மீன்பெட்டியில் ஏறச் சொல்கிறார் என்று செம்பன் எழுந்து நின்றது.

ஹாஜியார் கழுவிய அடுக்கின் மேல் தட்டை எடுத்தார். தனக்குச் சோறு போட்டு, கறி ஊற்றிக்கொண்டு, ஸாஜித்துக்கு எதிரே உட்கார்ந்து பிசையத் தொடங்கினார். முதல் வாய் உள்ளே போனதும், வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காக்காக்குச் சுடச்சுட வேற சோறு போடுங்க."

இப்றாஹிம் கையில் சுற்றிய கயிற்றைப் பிரித்தார். பிறகு குனிந்து, அதை முன்னிலும் குட்டையாகப் பின்சில்லில் கட்டி, நாயைக் குழாயடிப் பக்கமாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.