சித்தன்னவாசலுக்குக் கிளம்பி ஒட்டகத்துக்காகக் காத்திருந்த வெள்ளிக்கிழமை

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றித் தகவல் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் அங்கே போகவே இல்லை. போன மே மாதம் கறம்பக்குடியில் தோழியின் தங்கைக்குக் கல்யாணம். வியாழக்கிழமை கல்யாணச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை சித்தன்னவாசல், ராத்திரிக்குள் திருச்சியில் வீடு. இதுதான் திட்டம். அதில் சாப்பாடு மட்டும் திட்டப்படி நடந்தது.

காலை பதினொன்றே காலுக்குக் கறம்பக்குடியில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். ஆலங்குடி வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். சித்தன்னவாசலுக்கு எப்படிப் போவது என்று கண்டக்டரிடம் கேட்டேன். "புதுக்கோட்டையில எறங்கி அன்னவாசல் பஸ்ஸப் புடிங்க. ஆனா இந்த வெயில்ல பாறையில ஏறப் போறீங்களாக்கும்? கால் வெந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். ஊக்கம் கொடுப்பதென்றால் இப்படியல்லவா கொடுக்க வேண்டும்!

என் பக்கத்தில் பர்தா அணிந்த ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். ஆலங்குடி தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க தனியாத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப எங்கூட சினிமாவுக்கு வாரீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் தெரியாத ஆளைப் படத்துக்குக் கூப்பிடுகிறாளே, ஏதாவது ஏமாற்று வேலையா என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளே சிரித்துவிட்டாள். பெயர் சபுரா, கறம்பக்குடிக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தியேட்டருக்குள் தனியாகப் போகக் கூச்சம், அவ்வளவுதான்.

அப்படி என்ன படம்? ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் குதிரையிலேயே போய்ப் பாதி உலகத்தைப் பிடித்த ஒரு மன்னனின் கதை, வெளிநாட்டுப் படம், தமிழில் டப்பிங். சரித்திரப் படம் என்றாலே நான் காத தூரம் ஓடுகிறவள். "இதையா பாக்கணும்?" என்று முகத்தைச் சுளித்தேன்.

"படத்த யாரு பாக்கப் போறா? அதுல எங்க மச்சான் நடந்து வாராரு" என்றாள். அவர்கள் பக்கத்தில் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வளைகுடாவில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார், ஊருக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. போன வருடம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். சின்ன அடிதான், சரியாகிவிட்டது என்கிறார். ஆனால் வீடியோ காலில் எப்போதும் கழுத்து வரைக்கும்தான் தெரிகிறார். நடந்து காட்டச் சொன்னால் ரூமில் ஆட்கள் இருக்கிறார்கள், நெட் சரியில்லை என்று கட் பண்ணிவிடுகிறார்.

"அவரு விழுந்து எந்திரிச்சப்புறம் பாலைவனத்துல படம் புடிச்சப்ப, அவங்க தங்குற கேம்ப்புலேர்ந்து ஆளு கூட்டிட்டுப் போயிருக்காங்க. கால் நல்லா இல்லாட்டி சினிமாவுல சேப்பாங்களாங்கிறாரு. அதான் நேர்ல பாத்துரலாம்னு."

அதற்கப்புறம் எனக்கு எங்கே சித்தன்னவாசல் போக மனசு வரும்? புதுக்கோட்டையில் இறங்கித் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக் காட்சிக்குப் போனோம். டிக்கெட் ஆளுக்கு நூறு ரூபாய். தியேட்டர் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கழிவறையைப் பற்றியும் நான் எழுத நேரிடும். ஏசி இல்லை, ஃபேன் உண்டு, சத்தத்துடன். சினிமாவுக்குப் போகிறவர்கள் கைக்குட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசல்தான் போக வேண்டும் என்கிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டர்தான், பஸ்ஸில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

படம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் காட்சியிலேயே மன்னன் செத்துப்போனான். அடுத்த காட்சியில் மீசை முளைக்காத வயதில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தான். மன்னன் பெயரை டப்பிங்கில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். கட்டிப்பிடித்து அழுதவள் அம்மாவா, பெண்டாட்டியா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே அவள் அவனுக்கு விஷம் வைத்தாள். இரண்டு பக்கப் படைக்கும் ஒரே மாதிரித் தொப்பி. "இப்ப யாரு யாரக் குத்துனா?" என்று சபுராவிடம் கேட்டேன்.

"தெரியலக்கா. ஒட்டகம் வந்துச்சா?"

ஒட்டகத்துக்கு இடது பக்கம், தலையில் சிவப்புத் துணி. இதுதான் அவர் சொன்ன அடையாளம். இடைவேளை வரை குதிரையும் யானையும்தான் வந்தன. இவள் பாப்கார்னைத் தொடவில்லை. மன்னன் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டே போனான், எங்கள் ஒட்டகத்தை மட்டும் காணோம். எனக்கு அவன் மேல் ஆத்திரமே வந்துவிட்டது.

கடைசியில், எல்லாவற்றையும் பிடித்து முடித்து, படை பாலைவனம் வழியாக ஊர் திரும்பும் காட்சியில் வந்தது ஒட்டகம். சபுரா சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "அந்தா, அவருதான்! முதுகப் பாத்தாலே தெரியுது!" சிவப்புத் துணி கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் மணலில் நடந்து போனார். நொண்டி நொண்டி.

அப்படியானால் கால் சரியாகவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு முன்னால் போனவரும் நொண்டினார். பின்னால் வந்தவர் கம்பை ஊன்றிக்கொண்டு நொண்டினார். அடிபட்டுத் திரும்பும் படையாம், மொத்தப் படையும் நொண்டிக்கொண்டு போனது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, மறுபடி அரண்மனை வந்துவிட்டது.

"அக்கா, எல்லாருமே நொண்டுறாங்களே. இது நடிப்பா, நெசமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்னத்தைச் சொல்ல? நடிப்பு என்றால் அவளுக்கு நிம்மதி. நடிக்கத் தெரியாதவர்களாக, நிஜமாகவே நொண்டுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தால்? எதுவும் தெரியாமல் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாது.

வெளியே வந்ததும் தியேட்டர் வாசலில் நின்றபடியே போன் போட்டாள். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. நான் ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை. திரையில் ஒரு சிரித்த முகம், கழுத்து வரைக்கும்.

"மச்சான், படம் பாத்தேன். நீங்க வந்தீங்க."

"அடி ஆத்தீ! தெரிஞ்சனா? எப்புடி நடந்தேன்?"

"நொண்டிக்கிட்டு நடந்தீங்க."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "டைரக்டர் அப்புடித்தான் நடக்கச் சொன்னாரு புள்ள. எல்லாருக்குந்தான்."

"சரி. இப்ப டைரக்டர் இல்லல்ல? போனச் செவுத்துல சாச்சு வச்சுட்டு நடங்க."

"ரூம்ல ஆளுக இருக்காங்க சபுரா."

"இருக்கட்டும். நானும் நடுரோட்டுலதான் நிக்கிறேன்."

கட் பண்ணிவிடுவார் என்றே நினைத்தேன். படம் ஆடி, ஒரு அடுக்குக் கட்டிலும் சுவரும் தெரிந்தன. அவர் கைலியைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். முதல் இரண்டு எட்டு நேராகத்தான் வைத்தார், எவ்வளவு சிரமப்பட்டு வைத்தாரோ. அடுத்த எட்டில் வலது கால் தரையில் இழுபட்டது. திரும்பும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சபுரா அழவில்லை. போன் பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்தார், முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க புள்ள. அதான் யாருட்டயும் சொல்லல."

"அனுப்பட்டும்" என்றாள் சபுரா. "நொண்டிக்கிட்டே வாங்க."