எதிர்க்கரைச் சுத்தியல்

நம்புகிறவர்கள் நம்பலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மூன்றே முக்கால் மணிக்கு.

நான் கல் கொத்தனார். அந்தப் பழைய கல்வளைவுப் பாலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் பெயிண்டில் எண் போட்டு, அதே வரிசையில் திரும்பக் கட்டினோம். இரண்டு கற்களுக்கு நான் எண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். அதை எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. ஆட்கள் என்னைக் 'கணக்குப் புலி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசிக் கல் வைத்த பிறகு, வளைவைத் தாங்கும் மரச்சாரத்தை இறக்க வேண்டும். சாரத்தின் கால்களுக்கு அடியில் ஒவ்வொரு கரையிலும் எட்டு ஆப்பு. இந்தப் பக்கம் ஒன்றைத் தட்டிக் கழற்றினால் அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பக்கம் முந்தினால் எல்லாம் சரிந்துவிடும். கடைசிக் கல்லை வைத்தவன் வளைவுக்கு அடியில் நிற்பது எங்கள் தொழில் வழக்கம். மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றான்.

இந்தக் கரையில் நான். எதிர்க்கரையில் தச்சர். நடுவில் சாரம் மறைத்தது. காதை நம்பித்தான் வேலை.

டொக். இது நான்.

...டொக். அது அவர்.

நான்கு ஆப்பு ஒழுங்காகப் போனது. ஐந்தாவதற்கு நான் சுத்தியலை ஓங்கும் முன்பே அங்கே சத்தம் வந்தது.

"மெதுவா அண்ணே!"

மறுபடியும் டொக்.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். தச்சர்!

"மேஸ்திரி, வேற சுத்தியல் இருக்கா? தட்டுறதுக்கு முன்னாடியே பிடி உடைஞ்சிடுச்சு. அந்தப் பக்கம் இன்னும் ஒண்ணுகூடத் தட்டல."

சுத்தியலைக் கீழே போட்டேன்.

டொக்...

சாரம் முனகியது. சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

"டேய், வெளிய வாடா!"

"முடியல மாமா... யாரோ தோளைப் பிடிச்சு அழுத்துறாங்க..."

ஓடினேன். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். சத்தியமாக இழுத்தார்கள்.

டொக்.

சட்டை கிழிந்தது. இருவரும் வெளியே விழுந்தோம்.

சாரம் மொத்தமும் சரிந்தது.

மணி 3.52.

வளைவிலிருந்து ஒரு கல்கூட விழவில்லை. எதிர்க்கரையில் எட்டு ஆப்புகளும் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மச்சினன் தோளில் ஐந்து விரல் தடம் இன்றும் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து இன்ஜினியர் ஒரு பழைய கோப்பைக் காட்டினார். முதன்முதலில் இந்தப் பாலத்தைக் கட்டியபோதும் சாரம் சரிந்திருக்கிறது. அடியில் நின்றவன் அங்கேயே செத்திருக்கிறான். எதிர்க்கரையில் இருந்தவன் வேண்டுமென்றே எட்டு ஆப்பையும் மடமடவென்று தட்டினானாம். அவன் செத்தவனின் அக்கா புருஷன். இருவருக்கும் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

அன்று மதியம் சுத்தியலைக் கையில் எடுத்தபோது, 'இவன் தலையில் விழட்டும்' என்று நானும் நினைத்தேன். மனதுக்குள்தான் நினைத்தேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.