சாவடியில் பொங்கிய கட்டுச்சோறு

யுத்த காலம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை விட்டு ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. எங்கள் வீடு சமஸ்தானத்துக்குள், குளத்தூர்ப் பக்கம். தங்கையைக் கட்டிக்கொடுத்ததோ எல்லைக்கு அப்பால், திருச்சி ஜில்லாவில். மாட்டுவண்டியில் நாலு மணி நேர வழி. நடுவே ஒரு சாவடி, அதன் குறுக்கே ஒரு மூங்கில், மூங்கிலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா.

தங்கைக்கு ஒன்பதாம் மாதம். தாய் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய்ப் பரிமாறினால்தான் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர முடியும். அதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு நல்ல நாள். அதைத் தவறவிட்டால் அனுப்புவதில்லை என்று அவள் மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் மருத்துவச்சி கிடையாது. 'அம்மா பக்கத்துல இல்லாம நான் பெத்துப் பொழைக்க மாட்டேன்' என்று தங்கை அழுது சொல்லியனுப்பியிருந்தாள்.

சித்திரை வெயிலில் தயிர்ச்சோறு புளித்துவிடும், அங்கே போய்ப் பொங்கிக்கொள்ளலாம் என்று அம்மா அரிசியாகவே மூட்டை கட்டினாள். சம்பந்தி வீட்டுப் பாத்திரத்தில் நம்பிக்கை இல்லாததால் வெண்கலப் பானையும் வண்டி ஏறியது. நானும் உடன் போனேன்.

"அரிசிக்குப் பர்மிட் இருக்கா?" என்றார் குமாஸ்தா.

"கட்டுச்சோத்துக்கு எதுக்குங்க பர்மிட்?" என்றாள் அம்மா.

"சோறு எங்க இருக்கு ஆத்தா? அரிசியில்ல இருக்கு."

என் வாய் சும்மா இருக்குமா? "இதையே தின்னுட்டு வயித்துல கொண்டுபோனா அதுக்கும் பர்மிட் வேணுமாங்க?" என்று கேட்டேன். அந்த மனிதர் அதற்கும் உட்கார்ந்து யோசித்தார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா மட்டும் நிதானமாக, "சோறா இருந்தா விட்டுருவீங்களா?" என்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தரவை விரல் வைத்துப் படித்தார். "நெல்லு, அரிசி, குருணை... சோறுன்னு போடலையே."

அவ்வளவுதான். அம்மா இறங்கி, சாவடி வாசலிலேயே மூன்று கல்லைக் கூட்டினாள். வண்டிக்காரர் சுள்ளி பொறுக்கினார். நான் தண்ணீர் சுமந்தேன். குமாஸ்தா பானைக்குக் காவல் நின்றார். கொதி வந்ததும் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "நடுவுல இன்னும் அரிசி இருக்கு ஆத்தா" என்றார்.

அம்மா பல்லைக் கடித்தாள். உதிரி உதிரியாகச் சோறு வடிப்பதில் ஊரில் பெயரெடுத்தவள், அன்று அரசாங்கத்துக்காகக் குழையவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலை ஒரு பாதியிலும் தயிரை மறு பாதியிலும் பிசைந்தோம். மூங்கில் உயர்ந்தது.

சம்பந்தியம்மாள் வாயில் வைத்துப் பார்த்து, "சோறு குழைஞ்சிருக்கே" என்றாள். தங்கை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளை ஏற்றிக்கொண்டு பொழுது சாயத் திரும்பினோம். மூங்கில் மறுபடியும் கீழே கிடந்தது. உள்ளே வருகிறவர்களுக்கு வேறு புத்தகமாம். குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, "வண்டியில எத்தன பேரு?" என்றார்.

வழியெல்லாம் வண்டி குலுங்கிய குலுங்கலில் தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"இப்ப நாலு பேரு. நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அஞ்சாயிரும்" என்றாள் அம்மா.

குமாஸ்தா பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து மூங்கிலைத் தூக்கினார். "அங்கிட்டுப் பள்ளம் இருக்கு, பாத்து ஓட்டுப்பா!" என்று வண்டிக்காரரிடம் கத்தினார். அவரும் மனிதர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

தங்கை அதற்குப் பிறகு இருபது நாள் கழித்துத்தான் பெற்றாள், அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.