போட்டோவில் மாட்டிக்கொண்ட பசை

கெமிஸ்ட்ரியும் தெரியும், கோடிங்கும் தெரியும் என்று திருப்பூரில் கெத்தாகத் திரிந்தவன் நான். பனியனில் படம் அடிக்கும் பிரிண்டிங் பசையிலுள்ள பாலிமரை எந்த லேப் சோதித்தாலும், அதில் வரும் எண்களைப் பொது வடிவத்தில் வாங்கி ஒப்பிடும் இலவச சாஃப்ட்வேர் ஒன்று எழுதியிருந்தேன்.

பிரிண்டிங் யூனிட் நடத்தும் சுமதி அக்கா குண்டடத்திலிருந்து வந்தார். புதுப் பசையில் பனியன்மேல் அடித்த படம் துவைத்ததும் வெடித்துவிட்டது. பழைய பசை மாதிரியே கிடைக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். அதைச் செய்த கம்பெனியோ மூடிவிட்டது. கையில் ஒரு சொட்டு மீதமில்லை.

"பழைய பசையோட லேப் ரிப்போர்ட் இருக்குதுங்களாக்கா?"

"வாட்ஸ்அப்புல இருக்குது கண்ணு."

எங்கள் ஊரில் எல்லாமே போட்டோதான். மங்கலான கிராஃப், ஓரத்து அளவுகள்கூட வெட்டுப்பட்டிருந்தன.

"கோடு மட்டுந்தானுங்க இருக்குது. எனக்கு நம்பர் வேணுங்க."

அதைச் சோதித்த லேபுக்குப் போன் போட்டோம். "அந்த மெஷினைப் பழசுன்னு கழிச்சுட்டமுங்க. ஃபைலு வேற எதுலயும் தொறக்காதுங்க."

அக்கா போட்டோவை விரலால் விரித்தார். "இன்னும் பெருசு பண்ணுனா தெரியுமா கண்ணு?"

விரிக்க விரிக்க மங்கல்தான் பெரிதானது.

யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதிவிட்டேன். சோதித்த அன்றே எண்களைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை எந்தக் கோடிங்கில் எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.