அண்ணனைத் தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் எனக்குச் சென்னையில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. தங்குவதற்குச் சைதாப்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல். நைனார்பாளையத்தில் பஸ் ஏறும்போது அம்மா அண்ணனின் பழைய போட்டோ ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "அங்கதான் எங்கியோ இருக்கான். கண்ணுல பட்டா வுட்டுடாத" என்றாள்.

அண்ணன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவோடு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன் குடிக்கப் பழகிவிட்டான். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், ஊரே பார்க்க, அப்பா அவனைச் செருப்பால் அடித்தார். அன்றைக்கே சின்னசேலத்தில் ரயில் ஏறிவிட்டான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான். நான் சென்னைக்குப் போவதற்கு முந்தைய வருஷம், கரும்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே அப்பா விழுந்து இறந்துபோனார். அண்ணனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

கோயம்பேட்டில் அவனைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ சொல்லியிருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். எங்கள் ஊரில் மலை தெரியும் பக்கம் மேற்கு. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம். மார்க்கெட்டுக்குள்ளேயே இரண்டு முறை வழி தவறினேன். அழுகிய கோஸ் இலைகள் காலில் வழுக்கின. வெங்காய மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்களிடம் போட்டோவைக் காட்டிக்கொண்டே போனேன். சிலர் போட்டோவை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். வயதான ஒருவர் மட்டும் வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, மாதவரம் லாரி ஸ்டாண்டுக்குப் போய்விட்டான் என்றார்.

அப்புறம் மாதவரம். அங்கே வெயிலைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கொத்தவால்சாவடி. அதற்கடுத்த வாரம் சென்ட்ரலுக்கு எதிரே, சுவரோரம் துணி போர்த்திப் படுத்திருந்தவர்களின் முகங்களைக் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது அவனாக இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கூட வேலை செய்த பெண்கள் மாலுக்கும் பீச்சுக்கும் கூப்பிட்டார்கள். எனக்குத் தனியாகச் சுற்றப் பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன். எந்த பஸ் எங்கே போகும் என்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

மறுபடி மாதவரம் போனபோது ஒரு கிளீனர் போட்டோவை அடையாளம் கண்டுகொண்டார். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறான் என்றார்.

பீச் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை லுங்கி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

"நீ இங்க இன்னா பண்ற?" என்றான்.

இன்டர்ன்ஷிப் என்றேன். அவனுக்கு அது புரியவில்லை. டீக்கடைக்கு அழைத்துப் போய் எனக்கு மட்டும் டீ சொன்னான். அம்மாவைப் பற்றிக் கேட்டான், என் படிப்பைப் பற்றிக் கேட்டான். பிறகு தரையைப் பார்த்தபடி, "அவரு இன்னும் கோவமாத்தான் கீறாரா?" என்றான்.

எப்படிச் சொல்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அப்பா செத்துட்டாருண்ணா. போன வருஷம்."

அவன் அழவில்லை. டீக்கடைக்காரர் காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

"கொள்ளி யாரு வெச்சது?"

"சித்தப்பா."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு படகு ஐசுக்குக் காத்திருந்தது. அவன் எழுந்து, "அம்மாவ இங்க இட்டுக்கினு வந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கூடை கூடையாக ஐஸ் ஏற்றினான். ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எழும்பூரில் வந்து இறங்கினாள். கையில் அண்ணனுக்கு ஒரு புதுச்சட்டை. காசிமேட்டுக்குப் போனோம். மெஷின் பக்கத்தில் வேறொருவர் நின்றிருந்தார். அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் அவர். நான் வந்துவிட்டுப் போன மறுநாள் காலையில் அண்ணன் கடலோரம் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டானாம். கடலில் முழுகி எழுந்து வந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். எங்கே என்று சொல்லவில்லை.

அம்மா "சாப்ட்டுப் போனானாப்பா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "சாப்ட்டான்மா" என்றார்.

சட்டையை அவரிடமே கொடுத்து, வந்தால் கொடுக்கச் சொன்னாள். அன்றுதான் அம்மா வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தாள். மத்தியான ரயிலில் ஏற்றிவிட்டேன்.

இன்டர்ன்ஷிப் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹாஸ்டலை விட்டு வெளியே போகவில்லை. அண்ணனிடமிருந்து இன்றுவரை ஒரு போன்கூட இல்லை. அப்பாவுக்கு வருஷா வருஷம் சித்தப்பாதான் திதி கொடுக்கிறார்.